பகிர்வு நாள்காட்டியின் ஸ்கிரிப்ட் பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அலுவலகத்தில் பலரும் சேர்ந்து பார்க்கும் நாள்காட்டியை ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) கொண்டு நிரப்பத் தொடங்கிவிட்டால், அதில் நேரும் பிழை எழுதியவரின் திரைக்கு வருமுன்பே மற்றவர்களின் நாளைக் குலைத்துவிடுகிறது. கூட்டம் ஒரு மணி நேரம் தள்ளி விழுகிறது, விடுப்பு ஒரு நாள் குறைந்து காட்டுகிறது, ஒரே அழைப்பு நான்கு முறை வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை பிழைச் செய்தி எதையும் காட்டாமல் நேர்பவை என்பதால், நிரலின் வரிகளைப் படித்துக்கொண்டே போவதைவிட, கண்ணில் பட்ட அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போவதே விரைவான வழி. கூகுள் கேலெண்டரையும், அதை இயக்க கூகுள் தரும் நிரலெழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டையும் முதன்மையாகக் கொண்டு இதை எழுதுகிறேன். நாள்காட்டி ஏபிஐயை (வெளி நிரல்கள் நாள்காட்டியோடு பேசும் இடைமுகம்) நேரடியாகவோ பைத்தான் வழியாகவோ அழைப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் நிரலைத் திருத்துவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ஸ்கிரிப்ட் யாருடைய கணக்கில் ஓடுகிறது? அது தொடும் நாள்காட்டி எது? எந்த நேர மண்டலத்தில் கணக்கிடுகிறது? செயல்படும் பயனரின் மின்னஞ்சல், நாள்காட்டியின் பெயரும் ஐடியும், நேர மண்டலத்தின் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் பதிவேட்டில் எழுதும்படி சில வரிகளைச் சேர்த்துவிடுங்கள். பலமுறை அந்தப் பதிவை வாசித்த உடனேயே காரணம் விளங்கிவிடும். அதோடு, உண்மையான நாள்காட்டியின் பெயரை ஒத்திராத, நீங்கள் மட்டுமே பார்க்கும் ஒரு சோதனை நாள்காட்டியை உருவாக்கி, அதன் ஐடியை ஓர் அமைப்பு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய நிரல் முதலில் அங்கேதான் ஓட வேண்டும். பகிர்வு நாள்காட்டி மற்றவர்களின் வேலை நேரம். அதைச் சோதனைக் களமாக்க நமக்கு உரிமை இல்லை.

என் கணக்கில் ஓடுகிறது, சக ஊழியரின் கணக்கில் நின்றுவிடுகிறது

வழக்கமாகத் தென்படும் பிழைச் செய்தி, 'நல்' (எதுவும் இல்லை என்று குறிக்கும் வெற்று) மதிப்பிலிருந்து எதையோ வாசிக்க முடியவில்லை என்பது. 'கெட் கேலெண்டர் பை ஐடி' செயற்கூறு தேடியதைக் காணாதபோது பிழை எழுப்புவதில்லை. வெறும் நல் மதிப்பைத் திருப்பித் தந்துவிடுகிறது. அடுத்த வரியில்தான் ஸ்கிரிப்ட் விழுகிறது, ஆகவே பிழைச் செய்தி தவறான வரியைச் சுட்டுகிறது.

நல் வருவதற்குக் காரணங்கள் மூன்று: ஐடி தவறு, அனுமதி இல்லை, அல்லது அனுமதி இருந்தும் அந்தப் பயனர் தம் நாள்காட்டிப் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மூன்றாவதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. பகிர்ந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் பெறுபவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்திப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும், அல்லது ஸ்கிரிப்டே 'சப்ஸ்கிரைப் டு கேலெண்டர்' செயற்கூறை ஒருமுறை அழைத்திருக்க வேண்டும். மேம்பட்ட சேவை (ஆப்ஸ் ஸ்கிரிப்டுக்குள்ளிருந்தே ஏபிஐயை அழைக்கும் வசதி) வழியாக ஏபிஐயை அழைப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. அங்கே அனுமதி இருந்தாலே நிகழ்வுகளை வாசிக்கலாம்.

நாள்காட்டி கிடைத்தும் நிகழ்வுகளின் தலைப்பும் விவரமும் வரவில்லையென்றால், அந்தக் கணக்குக்குத் தரப்பட்டிருப்பது நேரம் நிரம்பியதா காலியா என்று மட்டும் பார்க்கும் உரிமை. நிறுவனத்துக்கு வெளியே உள்ள கணக்குகளுக்கு அதற்கு மேல் தரக் கூடாது என்று நிர்வாகி கட்டுப்படுத்தியிருக்கவும் கூடும். அப்படியானால் ஸ்கிரிப்டில் செய்வதற்கு எதுவும் இல்லை, நிர்வாகியிடம்தான் பேச வேண்டும்.

விரிதாளைத் திருத்தினால் நாள்காட்டியில் எதுவும் நடக்கவில்லை

விரிதாளின் வரிசைகளிலிருந்து நிகழ்வுகளை உருவாக்கும் ஸ்கிரிப்டுகளில் இது நேரும். 'ஆன் எடிட்' என்று பெயரிட்ட செயற்கூறு தானாகவே இயங்கும் எளிய டிரிகர் (ஒரு செயல் நடந்ததும் அல்லது நேரம் வந்ததும் நிரலை ஓட்டிவிடும் தூண்டி). அது யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடுகிறது. அதனாலேயே அனுமதி தேவைப்படும் நாள்காட்டிச் சேவையைத் தொட அதற்கு இயலாது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. நிரல் திருத்தியில் உள்ள 'எக்ஸிகியூஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து பார்த்தால் மட்டுமே தோல்வி தெரியும். தீர்வு எளிது: செயற்கூறுக்கு வேறு பெயர் வைத்து, டிரிகர்கள் பக்கத்தில் போய் அதை நிறுவப்பட்ட டிரிகராக அமைக்க வேண்டும். பெயரை மாற்ற மறந்தால் எளிய டிரிகரும் நிறுவப்பட்ட டிரிகரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு முறை ஓடும்.

நிறுவப்பட்ட டிரிகர் அதை நிறுவியவரின் கணக்கில் ஓடுகிறது. விரிதாளை யார் திருத்தினாலும் நிகழ்வை உருவாக்கியவராக அந்த ஒருவரின் பெயரே தெரிவது இதனால்தான். அவர் பணியிலிருந்து விலகி, கணக்கு முடக்கப்பட்ட நாளில் எல்லாம் நின்றுபோவதும் இதனால்தான். நெடுநாள் ஓட வேண்டிய ஸ்கிரிப்டை ஒரு தனிநபரின் கணக்கில் விடாமல், அலுவலகப் பொதுக் கணக்கு ஒன்றில் நிறுவுவது நல்லது. ஸ்கிரிப்டின் நகலை எடுத்தால் டிரிகர்கள் கூடவே வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இடம் மாற்றிய பிறகு 'ஓடவே இல்லை' என்று வரும் புகார்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நேரம் பிசகுகிறது

பிசகின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும் என்பதால், முதலில் அதை அளந்து பாருங்கள்.

எல்லா நிகழ்வுகளும் ஒரே அளவு தள்ளி விழுந்தால், இரண்டு நேர மண்டலங்கள் ஒத்துப்போகவில்லை. இங்கே மூன்று இடங்களில் நேர மண்டலம் தனித்தனியே அமைக்கப்பட்டிருக்கிறது: விரிதாளின் அமைப்பில் ஒன்று, ஸ்கிரிப்டின் அமைப்புகளைக் கொண்ட மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒன்று, நாள்காட்டியின் அமைப்பில் ஒன்று. விரிதாளின் கட்டத்தில் உள்ள தேதி, விரிதாளின் நேர மண்டலப்படி ஒரு கணமாக மாற்றப்பட்டு ஸ்கிரிப்டுக்கு வருகிறது. ஸ்கிரிப்ட் அதை எழுத்து வடிவமாக்கும்போது தன் மண்டலத்தைப் பயன்படுத்துகிறது. பார்ப்பவருக்கோ அவருடைய நாள்காட்டியின் மண்டலத்தில் தெரிகிறது. மூன்றையும் ஒன்றாக்குங்கள். ஒன்றாக்க முடியாத சூழலில், தேதியை எழுத்தாக்கும் ஒவ்வொரு இடத்திலும் எந்த மண்டலம் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

ஆண்டின் சில மாதங்களில் மட்டும் ஒரு மணி நேரம் பிசகினால், கோடைகால நேர மாற்றத்தை ஸ்கிரிப்ட் அறியவில்லை. யாரோ ஒருவர் நேர மண்டலத்தின் பெயருக்குப் பதிலாக நிலையான மணிக்கணக்கைக் கூட்டியிருப்பார். அல்லது 'அடுத்த நாள்' என்பதற்கு 24 மணி நேரத்தின் மில்லிவினாடிகளைக் கூட்டியிருப்பார். கடிகாரம் மாறும் நாளுக்கு 23 அல்லது 25 மணி நேரம் உண்டு. தேதி எண்ணில் ஒன்றைக் கூட்டுவதே சரி.

ஒரு நாள் முன்னதாக விழுந்தால், தேதி எழுத்து வடிவில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் '2025-03-10' என்று தேதியை மட்டும் தந்தால் அது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாகக் கொள்ளப்படும். '2025-03-10' உடன் மணியையும் சேர்த்து, மண்டலக் குறி இல்லாமல் தந்தால் உள்ளூர் நேரமாகக் கொள்ளப்படும். உலகப் பொது நேரத்துக்கு மேற்கே உள்ள மண்டலங்களில் முதல் வடிவம் முந்தைய நாளுக்குப் போய்விடும். ஆண்டு, மாதம், நாள் என்று எண்களாகப் பிரித்துத் தருவது பாதுகாப்பானது; ஆனால் அப்போது மாதம் 0 முதல் எண்ணப்படுகிறது என்பதை மறந்தால் எல்லாமே ஒரு மாதம் தள்ளிப் போகும்.

நிகழ்வு 1899ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்வதும், அல்லது நாள் சரியாக இருந்தும் சில நிமிடங்கள் மட்டும் விளங்காத வகையில் பிசகுவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். விரிதாளில் நேரத்தை மட்டும் கொண்ட கட்டத்துக்கு நாள் கிடையாது; ஸ்கிரிப்டுக்கு வரும்போது அது 1899 டிசம்பர் 30ஐ ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் காலத்தில் பல ஊர்கள் தம் சூரிய நேரத்தையே பின்பற்றின. கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம் அந்த வரலாற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. ஆகவே அந்தத் தேதியிலிருந்து மணியையும் நிமிடத்தையும் பிரித்தெடுத்தால், இன்றைய சீர்நேரத்தோடு ஒட்டாத நிமிடங்கள் வந்து சேரலாம். இந்தப் பிழையை நான் முதன்முதலில் சந்தித்தபோது இரண்டு நாள் நேர மண்டல அமைப்புகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். அவை மூன்றும் சரியாகவே இருந்தன. கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை 'கெட் டிஸ்ப்ளே வேல்யூ' கொண்டு வாங்கி, அதிலிருந்து மணியையும் நிமிடத்தையும் பிரித்து, உரிய நாளோடு சேர்ப்பதுதான் தீர்வு. நாளும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்கும்படி விரிதாளையே மாற்றியமைக்க முடிந்தால் இன்னும் நன்று.

மூன்று நாள் விடுப்பு இரண்டு நாளாகத் தெரிகிறது

முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி நிகழ்வில் அடங்காது. 10 முதல் 12 வரை விடுப்பு என்றால் முடிவாக 13ஐத் தர வேண்டும். இது கூகுளின் தனி வழக்கம் அல்ல. நாள்காட்டித் தரவுக்காக 2009இல் வெளியான ஐகேலெண்டர் தரநிலையும் அப்படித்தான் வரையறுக்கிறது. திரும்ப வாசிக்கும்போதும் இதே விதிதான்: நாள்காட்டி தரும் முடிவுத் தேதியை அப்படியே அறிக்கையில் அச்சிட்டால் ஒரு நாள் கூடுதலாக இருக்கும்.

ஒரே நிகழ்வு மீண்டும் மீண்டும் வருகிறது

பகிர்வு நாள்காட்டிகளில் அதிகம் நேர்வதும், மக்களின் நம்பிக்கையை அதிகம் கெடுப்பதும் இதுதான். முதலில் டிரிகரை நிறுத்துங்கள், பிறகுதான் ஆராய்ச்சி.

இரட்டிப்பான நிகழ்வுகள் உருவாக்கப்பட்ட நேரத்தைப் பாருங்கள். சில வினாடி இடைவெளியில் உருவாகியிருந்தால், இரண்டு ஓட்டங்கள் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. இரண்டு சக ஊழியர்கள் தனித்தனியே டிரிகரை நிறுவியிருப்பது இதற்குப் பொதுவான காரணம். ஒருவர் நிறுவியதை மற்றவரால் தம் கணக்கிலிருந்து பார்க்க முடியாது, ஸ்கிரிப்டிலிருந்து பட்டியல் கேட்டாலும் நடப்புப் பயனரின் டிரிகர்கள் மட்டுமே வரும். ஆகவே ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் விரிதாளை ஒரே நேரத்தில் திருத்தினாலும் இதேதான் நேரும். செயற்கூறின் தொடக்கத்தில் லாக் சேவை வழியாக ஸ்கிரிப்ட் பூட்டைப் பெற்று, வேலை முடிந்ததும் விடுவித்தால் ஓட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கும்.

இடைவெளி பல நிமிடங்களோ ஒரு நாளோ என்றால், தான் ஏற்கெனவே செய்ததை ஸ்கிரிப்ட் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரே ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் கால வரம்பு. நீண்ட பட்டியலின் நடுவில் அது முடிந்துவிட்டால், அடுத்த ஓட்டம் முதல் வரிசையிலிருந்து தொடங்கி முன்பு உருவாக்கியவற்றை மறுபடி உருவாக்குகிறது. நிகழ்வை உருவாக்கிய கையோடு அதன் ஐடியை அதே வரிசையில் எழுதி, 'ஃபிளஷ்' செயற்கூறை அழைத்து விரிதாளில் பதியச் செய்யுங்கள். எல்லாவற்றையும் முடித்த பிறகு ஐடிகளைத் தொகுப்பாக எழுதலாம் என்று விட்டால், இடையில் நின்ற ஓட்டத்தின் ஐடிகள் எங்கும் இருக்காது.

தலைப்பும் நேரமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து இரட்டிப்பைத் தவிர்க்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். யாராவது கூட்டத்தை அரைமணி தள்ளிவைத்தாலோ தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தாலோ அது உடைந்துவிடும். பகிர்வு நாள்காட்டியில் அப்படித் திருத்துவது அவர்களுடைய இயல்பான உரிமை.

உறுதியான வழி ஒன்று உண்டு. மேம்பட்ட சேவை வழியாக நிகழ்வை உருவாக்கும்போது ஐடியை நாமே தரலாம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் முதல் 22 எழுத்துகளும் 0 முதல் 9 வரையிலான எண்களும் மட்டும் அதில் இடம்பெறலாம். நீளம் 5 முதல் 1024 குறிகள் வரை. விரிதாள் வரிசையின் நிலையான எண்ணிலிருந்து இந்த ஐடியை உருவாக்கினால், இரண்டாம் முறை உருவாக்க முயலும்போது 409 என்ற பிழைக் குறியோடு ஏபிஐ மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பிழையாகக் கருதாமல், 'ஏற்கெனவே இருக்கிறது, புதுப்பி' என்ற சைகையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நுட்பம்: அழிக்கப்பட்ட நிகழ்வின் ஐடியும் விடுபடுவதில்லை. அதே ஐடியில் மறுபடி உருவாக்க முயன்றால் 409 வரும். நாள்காட்டியில் பார்த்தால் நிகழ்வு இருக்காது. அந்த நிகழ்வின் நிலையை மீண்டும் 'கன்ஃபர்ம்ட்' என்று மாற்றிப் புதுப்பிப்பதே வழி.

இந்த வாரக் கூட்டத்தை மாற்றினால் வேறொரு வாரக் கூட்டம் மாறுகிறது

தொடர் நிகழ்வின் எல்லா வாரங்களும் ஆப்ஸ் ஸ்கிரிப்டின் எளிய நாள்காட்டிச் சேவையில் ஒரே ஐடியைப் பகிர்ந்துகொள்கின்றன. 'கெட் ஈவென்ட் பை ஐடி' என்று கேட்டால் தொடரின் முதல் நிகழ்வு மட்டும் கிடைக்கும். ஆகவே ஐடியைச் சேமித்து வைத்து, பிறகு அதைக் கொண்டு நேரத்தை மாற்றும் ஸ்கிரிப்ட், பல மாதங்களுக்கு முந்தைய முதல் கூட்டத்தை அமைதியாக நகர்த்திவிட்டு, வெற்றி என்று பதிவேட்டில் எழுதும். ஒரு குறிப்பிட்ட வாரத்தைத் தொட வேண்டுமானால் அந்த நாளின் கால எல்லைக்குள் நிகழ்வுகளைக் கேட்டு, அவற்றுள் ஐடி ஒத்ததை எடுக்க வேண்டும். ஏபிஐயில் ஒவ்வொரு வாரத்துக்கும் தனி ஐடி உண்டு. தொடர் நிகழ்வுகளை அதிகம் கையாள்பவர்கள் அங்கே போய்விடுவது நல்லது.

இரு சேவைகளையும் கலந்து பயன்படுத்துவோருக்கு இன்னொன்று: எளிய சேவை தரும் ஐடியின் பின்னால் 'ஆட் கூகுள் டாட் காம்' என்ற வால் இருக்கும், ஏபிஐ எதிர்பார்க்கும் ஐடியில் அது இராது. 'காணவில்லை' என்று 404 வந்தால் இதைப் பாருங்கள்.

பட்டியலில் பாதி நிகழ்வுகளே வருகின்றன

ஏபிஐ ஒரு பக்கத்துக்கு இயல்பாக 250 நிகழ்வுகள் வரை தருகிறது. கேட்டால் 2500 வரை தரும். மீதம் இருந்தால் அடுத்த பக்கத்துக்கான டோக்கன் (அடுத்த அழைப்பில் திருப்பித் தர வேண்டிய குறியீடு) கூடவே வரும். அது தீரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றங்களை மட்டும் வாங்கும் ஒத்திசைவு டோக்கன் கடைசிப் பக்கத்தில்தான் கிடைக்கும். அந்த டோக்கன் ஒருநாள் 410 என்ற குறியோடு மறுக்கப்படும். அப்போது சேமித்ததைக் கைவிட்டு முழு ஒத்திசைவைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். இதற்கான கிளையை நிரலில் எழுதாதவர்களின் ஒத்திசைவு பல வாரம் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் நின்றுவிடுகிறது.

சில நாள் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது

பைத்தான் நிரல் சரியாக ஏழாம் நாளில் 'இன்வாலிட் கிரான்ட்' (அனுமதி செல்லாது) என்று நின்றால், ஓஆத் (பயனரிடம் அனுமதி பெறும் முறை) ஒப்புதல் திரை வெளிப் பயனர்களுக்கானதாகவும் இன்னும் 'டெஸ்டிங்' நிலையிலும் இருக்கிறது. அந்த நிலையில் தரப்படும் புதுப்பிப்பு டோக்கனின் (அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள உதவும் குறியீடு) ஆயுள் 7 நாள். நிறுவனத்தின் உள் பயன்பாட்டுக்கு மட்டும் என்றால் 'இன்டர்னல்' வகைக்கு மாற்றுங்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் இதற்கு இணையான நிலை, புதிய சேவை ஒன்றை நிரலில் சேர்த்துவிட்டு மறுபடி அனுமதி தராமல் விடுவது: டிரிகர் ஒவ்வொரு முறையும் தோற்கும். திருத்தியில் ஒருமுறை கையால் ஓட்டி அனுமதி தந்தால் சரியாகிவிடும்.

குறுகிய நேரத்தில் மிக அதிகமான நிகழ்வுகளை உருவாக்குகிறீர்கள் என்ற செய்தி வந்தால், இடையிடையே ஸ்கிரிப்டைச் சற்று உறங்க வையுங்கள். மாறாத நிகழ்வுகளைத் தொடாமல் விடுங்கள். நாள் ஒன்றுக்கு உருவாக்கத்தக்க நிகழ்வுகளுக்கும் உச்சவரம்பு உண்டு. அதை எட்டுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிரப்பும் முறையில் எழுதியிருக்கிறீர்கள்.

அப்படி எழுதாதீர்கள். அந்த முறையில் விருந்தினர்கள் தந்த பதில்களும், அவர்கள் சேர்த்த குறிப்புகளும் ஒவ்வொரு இரவும் அழிகின்றன.

அறை பதிவானது போலத் தெரிந்து, பிறகு இல்லை என்கிறது

நிகழ்வை உருவாக்கும் அழைப்பு வெற்றி பெறுவதும் அறை கிடைப்பதும் வெவ்வேறு. அறை ஒரு விருந்தினராகச் சேர்க்கப்படுகிறது. அதன் பதில் சற்றுப் பிறகே ஏற்பு என்றோ மறுப்பு என்றோ மாறுகிறது. உருவாக்கிய உடனே பார்த்தால் 'பதில் இல்லை' என்றுதான் இருக்கும். சில நிமிடம் கழித்து நிகழ்வை மறுபடி வாசித்து, அறையின் பதிலைச் சரிபார்க்கும் தனி ஓட்டத்தை அமையுங்கள். உருவாக்குமுன் அறையின் காலி நேரத்தைக் கேட்பது உதவும். ஆனால் கேட்டதற்கும் பதிந்ததற்கும் இடையே வேறொருவர் முந்திக்கொள்ளலாம் என்பதால் பிந்தைய சரிபார்ப்புக்கு அது மாற்றாகாது.

நிகழ்வுகள் அழிந்துவிட்டன

துப்புரவு ஸ்கிரிப்ட் வேண்டாததையும் அழித்துவிட்டால் அதை மறுபடி ஓட்டாதீர்கள், உடனே நிரப்பவும் முயலாதீர்கள். டிரிகரை நிறுத்திவிட்டு, உலாவியில் கூகுள் கேலெண்டரைத் திறந்து, அந்த நாள்காட்டியின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். திருத்தும் உரிமை உள்ளவர்கள் அங்கிருந்து நிகழ்வுகளை மீட்கலாம். சுமார் 30 நாள் வரை அவை அங்கே இருக்கும். மீட்ட பிறகு, ஸ்கிரிப்ட் தான் உருவாக்கும் ஒவ்வொரு நிகழ்விலும் 'செட் டேக்' வழியாகத் தன் அடையாளத்தைப் பதித்து, அந்த அடையாளம் உள்ளவற்றை மட்டுமே அழிக்கும்படி மாற்றுங்கள். அழிப்பதற்கு முன்பு, அழிக்கப்போகும் நிகழ்வுகளின் தலைப்பையும் நேரத்தையும் ஒரு விரிதாளில் எழுதிவிட்டு நிற்கும் ஓட்டம் ஒன்றை வையுங்கள். அந்தப் பட்டியலை ஒருவர் கண்ணால் வாசித்து ஒப்புதல் தந்த பின்னரே அடுத்த ஓட்டம் அழிக்க வேண்டும்.